மூலையில் ஒரு பெயர்

கிசுமு பேருந்து நிலையத்துக்குப் பின்னால்
பஞ்சர் கடைக்கும் சப்பாத்திக் கடைக்கும் இடையில்
எட்டுக்குப் பத்தடி இடம் பிடித்து
பலகையில் 'லேர்' என்று எழுதிவைத்தேன்.
எங்கள் லுவோ மொழியில் வெளிச்சம்.

வெளிச்சம் தேடி முதல் வாரம் மூன்று பேர் வந்தார்கள்.
மின்கட்டணம் இங்கேதான் கட்டுவதா என்றார் ஒருவர்.
இன்னொருவருக்குப் பல்பு வேண்டும், அறுபது வாட்.
மூன்றாமவர் வாடகை கேட்டு வந்தவர்.

ஐந்நூறு துண்டுச்சீட்டு அடித்தேன்.
சனிக்கிழமை ரவுண்டானாவில் நின்று கை ஓயக் கொடுத்தேன்.
ஞாயிறு, தேவாலயம் விட்டு வரும்போது
அதிலேயே கடலை மடித்துத் தந்தாள் ஒருத்தி.
கொறித்தபடி வாசித்தேன்.
தொலைபேசி எண்ணில் ஓர் இலக்கம் குறைந்தது.

ரபுருவின் டுக்டுக் முதுகில்
மாதம் எண்ணூறு ஷில்லிங்குக்கு என் பெயரை ஒட்டினேன்.
மறுநாளே எஞ்சின் படுத்துவிட்டது.
மெக்கானிக் கடைச் சுவரைப் பார்த்தபடி
நின்றது என் விளம்பரம்.
அந்தச் சுவருக்கு என்னை நன்றாகத் தெரியும்.

பிறகுதான் டுங்கா கரைக்குப் போனேன்,
படகுகள் திரும்பும் விடியலில்.
ஒமேனா மீன் உலர்த்தும் பெண்களைக்
காசு வாங்காமல் எடுத்தேன்.
மறுவாரம் அச்சிட்டுக் கொடுத்தேன்,
ஒவ்வொன்றின் முதுகிலும் ஊதா மையில் முத்திரை.
ஒருத்தியும் திருப்பவில்லை.
தன் முகம் முன்பக்கம் இருக்கும்போது
எவள் பின்பக்கம் பார்ப்பாள்?

கொன்சொலாத்தா அவிட்டி மட்டும்
கேமராவுக்கே கட்டளை போட்டாள்:
"பல் போன இடுக்கை மறைத்துவிடாதே.
விலை பேசும்போது அது வழியாகத்தான் விசில் அடிப்பேன்."
சொல்லிவிட்டுச் சிரித்தாள்.
கையில் செதில் சீவும் கத்தி, கன்னத்தில் ஒரு செதில்,
முதுகுக்குப் பின்னால் ஏரி மொத்தமும் கலங்கலாக.
அழுத்தினேன்.

ஜூனில் அவள் மகன் வந்தான், அந்தப் படத்தோடு.
ஓரம் ஈரத்தில் ஊதியிருந்தது.
சவப்பெட்டியைச் சியாயாவுக்குக் கொண்டுபோகும்
பேருந்தின் முகப்பில் கட்ட
ஆறடிக்கு ஒரு பேனர் வேண்டும்.
"இந்தச் சிரிப்பே இருக்கட்டும்" என்றான்.
"வேறு படமும் இல்லை."

இரவு கணினி முன் உட்கார்ந்தேன்.
வலது கீழ்மூலை காலியாக இருந்தது.
வழியெல்லாம் சந்தைகள்.
வண்டிக்கு ஒதுங்கி நிற்கும் அத்தனை கண்ணும்
அந்தத் துணியில்தான் விழும்.
'லேர்' என்று தட்டினேன். அழித்தேன்.
சின்னதாக, சாம்பல் நிறத்தில் தட்டினேன்.
"எல்லாரும் போடுவதுதானே" என்றான்
தொலைபேசியில் அச்சகத்து மலோபா.
அவள் கன்னத்துச் செதிலைப் பார்த்தேன்.
ஓர் எழுத்தளவுகூட இல்லை,
இருந்தும் கண் அங்கேதான் போகிறது.
அழித்தேன்.
வாடகைக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது.

பேருந்து போனது.
ஆள் வரத் தொடங்கியது அடுத்த வாரம்.
யார் எடுத்த படம் என்று டுங்காவில் விசாரித்து,
சுவரில் ஒட்டிய படங்களை உரித்துத் திருப்பி,
ஊதா மையைக் கண்டுபிடித்து வந்தார்கள்.
ஆனால் வந்ததெல்லாம் எழுபதைத் தாண்டியவர்கள்.
"எனக்கும் ஒன்று எடுத்துவை. எப்படியும் தேவைப்படும்."
சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்கள்,
பயணச்சீட்டு வாங்கப்போகிறவர்கள் போல.

கல்யாண ஜோடிகள் எதிர்ச்சாரியில் நடந்தார்கள்.
சாவுப்படக் கடை என்று பெயராகிவிட்டது.
"பெயராச்சே, அதைச் சொல்லு" என்றாள்
சப்பாத்திக்கார அபோண்டி,
கல்லில் ஒன்றைப் புரட்டிப்போட்டபடி.

போன வாரம் ரபுருவின் வண்டி கிளம்பியது.
வெயிலில் வெளுத்து 'லே' மட்டும் மிச்சம்.

நேற்று ஒரு பெண்,
விரலில் புத்தம்புது மோதிரம்,
வாசலில் நின்று பலகையை இரண்டு முறை படித்தாள்.
"பல்பா?" என்றேன்.
"இல்லை," என்றாள், "அவிட்டி."
பேசும்போது வாயைக் கையால் மூடியிருந்தாள்.

கையை எடுக்கச் சொன்னேன்.